சனிக்கிழமைகளில் நான் எங்கே போனேன்

"அக்கா, எங்களையும் கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மெலிந்த ஓர் இளைஞன் சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். கொஞ்சம் தள்ளி, கவிழ்த்து வைத்த வள்ளத்தின் நிழலில் அவன் மனைவி. இடுப்பில் ஒரு குழந்தை.

நான் தலைமன்னார் பியர் துறையடிக்கு அப்பால், மணலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம். வாயில் ஒரு பனங்கட்டித் துண்டு. பக்கத்தில் என் பை.

"எங்கை தம்பி?"

"அக்கரைக்குத்தான்." கடலைப் பார்த்து நாடியை உயர்த்திக் காட்டினான். "நீங்கள் மன்னார் என்ஜின் அன்ரன் அண்ணையின்ர மனுசிதானே? கிழமைக்குக் கிழமை வாறீங்கள், கடலைப் பாத்திட்டுப் போறீங்கள். போட் எப்ப வெளிக்கிடும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களெண்டால் காணும். நாங்கள் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டம்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது எனக்கு.

அந்த நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு, பெற்றோலுக்கும் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம். எங்கள் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் படகேறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் எழும்பினால், இன்னாருடைய வீடு பூட்டிக் கிடக்கிறதாம் என்று கதை வரும். அதற்கு மேல் ஒருவரும் விசாரிப்பதில்லை.

ஆனால் நான் அங்கே போனது அதற்கில்லை. எதற்கு என்று சொல்ல வெளிக்கிட்டால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

ஒரு வருத்தமும் இல்லை

போன கிழமை எழுதியதை வாசித்தவர்களுக்குத் தெரியும், நான் மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் வேலை செய்தவள். சனங்கள் வந்து நிற்கும் முன்மேசை என்னுடையது. அந்த வருடம் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றில் அழுதார்கள், இல்லாவிட்டால் ஏசினார்கள். நானும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. பதிலுக்கு ஏசிவிட்டு, பிறகு தண்ணீர் கொடுத்து இருத்துவேன்.

வீடு உப்புக்குளத்தில். கணவர் அன்ரன், மீன்பிடிப் படகுகளின் என்ஜின் திருத்துகிறவர். மகள் டிலானி அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அன்ரனின் தங்கை ஸ்ரெல்லா. எனக்கு மச்சாள். அவளுடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வேலி இருக்கிறது என்பது பேச்சுக்குத்தான்.

ஒருநாள் பின்னேரம் எங்கள் வீட்டு வாசற்படலையடியில் நிற்கிறேன். கையில் பூட்டுத் திறப்பு, தோளில் பை. நான் கந்தோரால் வீட்டுக்கு வந்தேனா, இல்லை வீட்டிலிருந்து எங்கேயோ போக வெளிக்கிட்டேனா? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. மதிலோரம் கழுதை ஒன்று காட்போட் பெட்டியைத் தின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு என்னைவிட விஷயம் விளங்கியிருக்கும்.

ஸ்ரெல்லா வந்து, "என்ன மச்சாள், சிலை மாதிரி நிக்கிறீங்கள்?" என்று கேட்ட பிறகுதான் அசைந்தேன். அன்று இரவு எனக்குப் பயமாக இருந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

டொக்டரிடம் போனேன். சின்ன வயது, அமைதியான பொம்பிளைப் பிள்ளை. பிரஷர் பார்த்தா, இரத்தம் பார்த்தா.

"உங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை அன்ரி. மனம் களைச்சுப்போச்சு. கிழமையில ஒரு மத்தியானமாவது உங்கட பாட்டில இருங்கோ."

"இருந்து என்ன செய்யிறது டொக்டர்?"

"ஒண்டும் செய்யவேண்டாம்."

"ஒண்டும் செய்யாமல் எப்பிடி இருக்கிறது?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தா. நான் அவவைப் பார்த்தேன். "இப்பிடியே விட்டால் பிறகு குளிசைதான் தரவேண்டி வரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினா. குளிசையென்றால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லுவார்கள். இதை எப்போது எடுப்பது?

எங்கள் ஊர் ஓய்வு

முதலில் வீட்டில் முயன்று பார்த்தேன். வேப்பமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தேன். கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது.

"என்ன மச்சாள், அண்ணையோட சண்டையோ?" வேலிக்கு மேலால் ஸ்ரெல்லா.

"இல்லையடி. சும்மா இருக்கிறன்."

"ஆரும் மோசம் போட்டினமோ?"

"ஐயோ, ஒருத்தரும் சாகேல்லை. இருக்கிறன், அவ்வளவுதான்."

அவள் நம்பவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து, தன் வீட்டுக் கவலையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். நான் முன்பிருந்ததைவிட அதிகமாகக் களைத்து எழும்பினேன்.

கோயிலில் போய் இருந்தேன். செபமாலைக்கு வந்த மனுசி ஒருத்தி காதுக்குள் வந்து, "என்ன நேர்த்தி பிள்ளை?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "சொல்லாட்டிப் பரவாயில்லை, நானும் சேர்ந்து மன்றாடுறன்" என்று பக்கத்திலேயே முழங்காலில் இருந்துவிட்டாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத்தான் போகவேண்டியிருந்தது.

எங்கள் சனத்துக்கு ஓய்வு தெரியாது என்று சொல்ல முடியாது. இந்தக் கரையில் கத்தோலிக்கர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. வலை மணலில் கிடக்கும். என்ஜின் சாக்குக்குள் கிடக்கும். ஆம்பிளையள் பூசை முடிய வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். ஆண்டவருடைய நாள், கடலுக்குப் போனால் பாவம். சரி. குசினிக்குப் போனால்?

அன்றைக்குத்தான் எல்லாரும் வீட்டில். இறைச்சிக்கறி, நண்டுக்கறி, பின்னேரம் உறவுக்காரர். ஞாயிறு என்றாலே எனக்கு இடுப்பு நோகும். ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த பங்குச் சுவாமியிடம் இதைக் கேட்டேன். அவர் நன்றாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த நண்டுக்கறியை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

பஸ் யன்னல்

பிறகு ஒரு சனிக்கிழமை, தலைமன்னாரில் ஒரு செத்தவீட்டுக்குத் தனியாகப் போக நேர்ந்தது. யன்னலோர சீற். பேசாலை தாண்ட, பனையும் மணலும் மாறி மாறி வந்தன. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அந்த ஓட்டம் முழுக்க ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் இருக்கிற ஒருத்தி எங்கேயோ போகிறாள், எனவே அவள் சும்மா இருக்கவில்லை என்பது சனத்தின் நினைப்பு.

செத்தவீட்டில் அழுகை வரவில்லை. எனக்கு அழுகை வந்து அப்போதே கனகாலம். அடக்கம் முடிய, பஸ்ஸுக்கு நேரம் கிடந்ததால் கடற்கரையில் போய் இருந்தேன். அந்தப் பக்கம் இந்தியா என்பார்கள். எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது நெஞ்சுக்குள் ஒரு கட்டு அவிழ்ந்ததுபோல இருந்தது. செத்தவீட்டால் இப்படிச் சந்தோசமாக வருகிறோமே என்று வெட்கமாயும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை செத்தவீடு இல்லாமலே போனேன்.

"எங்கை வெளிக்கிடுறாய்?" அன்ரன் கேட்டார்.

"தலைமன்னாருக்கு."

"என்னத்துக்கு?"

"சும்மா போயிட்டு வாறன்."

என்னைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். என்ஜின் சத்தத்துக்குள் பழகியவர் வீட்டில் கதைப்பது குறைவு.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்ன வயதில் நாட்டில் சண்டை தொடங்கியபோது, எங்கள் குடும்பமும் ஒரு படகில் ஏறி அக்கரைக்குப் போனது. படகுக்காரர் எங்களை நடுக்கடலில் ஒரு தீடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். விடியும்வரை நனைந்த சட்டையோடு அந்த மணல் திட்டில் இருந்தேன். அப்படி ஒரு குளிர் பிறகு என் சீவியத்தில் நான் காணவில்லை. பிறகு அக்கரையில் அகதி முகாமில் வருடக்கணக்காக இருந்து திரும்பி வந்தோம். அன்றிலிருந்து எங்கே போனாலும் என் பையில் ஒரு மாற்றுடுப்பு இருக்கும். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கற், அடையாள அட்டை, துவாய். கந்தோருக்கும் அதுதான், கலியாண வீட்டுக்கும் அதுதான். எங்கள் வயதுக்காரர் பலருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. நாங்கள் அதைப்பற்றி யோசிப்பதும் இல்லை.

வீட்டில் நடந்த அதிசயம்

இனி நடந்ததைக் கேளுங்கள். நான் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கிய கொஞ்ச நாளில் வீடே மாறிவிட்டது.

மாதக்கணக்கில் ஒழுகிய குசினிப் பைப்பை அன்ரன் ஒரு காலையில் திருத்தினார். டிலானி கேட்காமலே கோப்பை கழுவினாள். என் சாரிகளை ஸ்திரிக்கை போட்டு மினுக்கி அலுமாரியில் அடுக்கினாள். ஸ்ரெல்லா தன் கவலை சொல்லாமல், "மச்சாள், இண்டைக்கு நான் சமைக்கிறன், நீங்கள் இருங்கோ" என்று சட்டியோடு வந்தாள். ஒருநாள் அன்ரன் எனக்கென்று றால் வாங்கி வந்து, தானே கோதும் உடைத்துத் தந்தார். கலியாணம் முடித்த வருடத்துக்குப் பிறகு அந்த மனுசன் எனக்கு றால் உடைத்ததில்லை.

எனக்குச் சந்தோசத்தில் புளுகம் பிடிபடவில்லை. டொக்டர் பிள்ளை சொன்னது எவ்வளவு சரி! நான் அமைதியாக இருக்கிறேன், அதைப் பார்த்து வீடும் அமைதியாகிவிட்டது. கந்தோரில் பக்கத்து மேசைக்காரி நளீமாவுக்கு இதை வைத்துப் பெரிய பிரசங்கமே செய்தேன்.

"நீர் கிழமைக்கு ஒரு மத்தியானம் உம்மட பாட்டில இருந்து பாரும். வீட்டில இருக்கிறவை தானாத் திருந்துவினம்."

நளீமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஜசிந்தா அக்கா, நீங்கள் எங்க இருந்தாலும் எங்களுக்காக துஆ செய்யுங்கோ" என்று என் கையைப் பிடித்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நான் சொன்னது இவளை இவ்வளவு தொட்டுவிட்டதே என்று எனக்குப் பெருமை வேறு!

மறுபடியும் மணலில்

இப்போது அந்த இளைஞனிடம் வருவோம். அவன் என்னை விடுவதாயில்லை.

"நான் எங்கையும் போகேல்லை தம்பி. சும்மா வந்து இருக்கிறனான்."

"ஓம் அக்கா, ஓம். அப்பிடித்தான் சொல்லவேணும்." தலையை ஆட்டினான். பிறகு என் பையைப் பார்த்தான். பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மாற்றுடுப்பு, தண்ணீர், பிஸ்கற். அவன் மனைவியின் காலடியிலும் அதே மாதிரி ஒரு பை. அதற்குள்ளும் அதே சாமான்கள்தான் இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. ஆர்மேல் என்று தெரியாத கோபம். "உமக்கு விசரே! கைக்குழந்தையோட நடுக்கடலில இறக்கிவிட்டால் என்ன செய்வீர்?" என்று கத்திவிட்டேன். குழந்தை வீரிட்டு அழுதது. உடனே பிஸ்கற்றை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் வாங்கிக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.

பிறகு அவர்கள் போனார்களோ, ஊரிலேயே இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் நெடுகத் தெரிந்த முகம்தான். பக்கத்தில் குனிந்து, "என்ன அக்கா, இண்டைக்கும் சரிவரேல்லையோ? கடல் நல்ல அமைதியாத்தானே கிடக்கு" என்றார்.

அப்போதுதான் தலையில் ஏறியது. பஸ்ஸில் ஒருவரும் என்னோடு கதைக்காதது ஏன். நளீமாவின் கண்கள் ஏன் கலங்கின. பைப் ஏன் திருத்தப்பட்டது. றால் ஏன் உடைக்கப்பட்டது. யேசுவே! நான் அக்கரைக்கு ஓடப்போகிறேன் என்று ஊரே முடிவு கட்டியிருக்கிறது. என் வீடும் சேர்ந்துதான்.

அலுமாரிக்குப் பக்கத்தில்

வீட்டுக்கு வந்தேன். ஸ்ரெல்லா வாசற்படியில் இருந்தவள் என்னைக் கண்டதும் எழும்பி, "வந்திட்டா! அண்ணை, மச்சாள் வந்திட்டா!" என்று உள்ளே ஓடினாள். அன்ரன் அறைக்குள் கட்டிலில் இருந்தார். அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பயணப்பை. அதற்குள் அவருடைய இரண்டு சாரம், சவரச் சாமான், டிலானியின் உடுப்புகள், புத்தகங்கள்.

"என்னது இது?"

"நீ போனால் பின்னாலயே நாங்களும் வாறம்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு சனியும் கட்டி வைக்கிறனாங்கள். நீ திரும்பி வர, அவிட்டு வைக்கிறது."

"கேட்டிருக்கலாம்தானே!"

"கேட்டால் ஓம் எண்டு சொல்லிப்போடுவாய் எண்டு பயம். நான் திருத்தின என்ஜினிலயே எத்தினை குடும்பம் போச்சுது. கடைசியா என்ர வீடும் போகப்போகுது எண்டு நினைச்சன்."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. பிறகு கோபம் வந்தது. "விசர் மனுசா, நான் ஒரு மத்தியானம் நிம்மதியா இருக்கப் போனால், அதுக்கு ஊர்விட்டு ஓடுறது எண்டா பேர்?" என்று ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. கட்டிலில் இருந்து அழுதேன். செத்தவீட்டில் வராத அழுகை, எங்கிருந்தோ எல்லாம் சேர்ந்து வந்தது. டிலானி வந்து என் மடியில் தலை வைத்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை, பாவம், எத்தனை சனிக்கிழமை தன் புத்தகத்தைக் கட்டியும் அவிழ்த்தும் இருந்திருக்கிறாள்!

"அப்ப நீ போக நினைக்கவே இல்லையோ, ஜசி?" அன்ரன் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட முடியவில்லை. இந்தியாவுக்குப் போக நான் நினைக்கவில்லை. அது சத்தியம். ஆனால் அந்த மணலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தபோது, அம்மா என்றும் மச்சாள் என்றும் மிஸ் என்றும் கூப்பிட ஒருவரும் இல்லாத அந்த நேரம் எவ்வளவு இனித்தது! பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன என்று ஒருநாள் நினைத்தேன். அது ஓய்வா, ஓடுவதா? எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போது எழுதும்போதும் விளங்கவில்லை.

"தெரியாதப்பா" என்றேன். "அங்கை போனால்தான் எனக்குத் தலை சரியா நிக்குது. அது மட்டும்தான் தெரியும்." படலையடியில் சிலை மாதிரி நின்ற கதையையும் அன்றைக்குத்தான் சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இனிப் போகவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்த மத்தியானத்தை விட்டால், என்னிடம் எனக்கென்று வேறு ஒன்றும் இல்லை. அதை விடாவிட்டால், இவர்கள் சனிக்கிழமைதோறும் பை கட்டிக்கொண்டு பயந்து சாகவேண்டும்.

அவர் எழும்பிப் போய் பயணப்பையை அவிழ்த்து, டிலானியின் புத்தகங்களை மேசையில் அடுக்கினார்.

அந்தக் கிழமை முழுக்க அந்தக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. குசினிப் பைப் மறுபடி கொஞ்சம் ஒழுகத் தொடங்கியது. அதை ஒருவரும் திருத்தவில்லை. அது எனக்கு ஏனோ நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. நான் வெளிக்கிடுவதா விடுவதா என்று குசினிக்குள் நின்று தடுமாறினேன். அன்ரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஏறு. பஸ் போயிடும்."

பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் மிதித்தார். வழியில் கழுதைகள் விலகாமல் நின்றன. மணி அடித்து அடித்துப் போனோம். பஸ்ஸில் ஏறப்போகும்போது, "பையைக் கொஞ்சம் தா" என்றார். கொடுத்தேன். திறந்து, துவாயை விலக்கி, என் மாற்றுடுப்பை வெளியே எடுத்தார். தண்ணீரும் பிஸ்கற்றும் இருந்தபடியே பையை மூடி என் கையில் தந்தார். உடுப்பை மடித்துத் தன் சேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"இது வீட்டில இருக்கட்டும்" என்றார். "போயிட்டு வா."

ஏறி யன்னலோரம் இருந்தேன். பஸ் திரும்பும்வரை அவர் சேட்டு வீங்கியபடி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொண்டக்டர் என் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாரி தொடங்குகிற காலம் அது. மணலில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமிருந்தும் நான் எழும்பவில்லை. எல்லாம் நனைந்து தெப்பமானேன். மாற்ற உடுப்பு இல்லை. சின்ன வயதில் அந்தத் தீடையில் பிடித்த குளிர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நனைந்தபடியே பஸ் ஏறி, நனைந்தபடியே படலையைத் திறந்தேன். இந்த முறை எனக்கு வடிவாகத் தெரிந்தது, நான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.